வெப்பநிலை ப்ரோப், மீட்டர் அளவுத்திருத்தம்: ஏசி, ஹீட்டிங் வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

புது மீட்டருடன் சர்ட்டிபிகேட் வந்திருக்கிறது. அதற்கு மேலும் எதற்குச் சோதிக்க வேண்டும்?

சர்ட்டிபிகேட்டைப் பிரித்து, அது எதற்குத் தரப்பட்டது என்று முதலில் பாருங்கள். பல சமயம் அது மீட்டருக்கு மட்டும்தான் இருக்கும். ப்ரோப்பை, அதாவது வெப்பநிலையை உணரும் முனையுள்ள பகுதியை, கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சென்சாரின் சிக்னலைப் போலியாகத் தரும் ஒரு சிமுலேட்டரை மாட்டிச் சோதித்திருப்பார்கள். வேலையில் அளக்கப்போவது மீட்டரும் ப்ரோப்பும் சேர்ந்துதான். கே வகை தெர்மோகப்பிளுக்கு (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்பநிலை சென்சார்) சர்வதேசத் தரம் அனுமதிக்கும் விலகலே முதல் வகுப்பில் ±1.5 டிகிரி, இரண்டாம் வகுப்பில் ±2.5 டிகிரி. மீட்டரின் பெட்டியில் ±0.5 என்று அச்சிட்டிருந்தாலும் இந்த விலகல் அதோடு சேர்ந்துகொள்ளும். டி வகை இதைவிட மேல்: முதல் வகுப்பு ±0.5, இரண்டாம் வகுப்பு ±1.0. குளிர்பதன வேலைக்கு டி வகையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரையில் 0.1 வரை எண் ஓடுவதைத் துல்லியம் என்று நம்ப வேண்டாம். இரண்டு டிகிரி தவறாக இருக்கும் மீட்டரும் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தைத் தயங்காமல் காட்டும்.

அளவுத்திருத்தம் என்றால் மீட்டரைத் திருகிச் சரிசெய்வதா?

இல்லை. தெரிந்த ஒரு வெப்பநிலையோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகுகிறது என்று எழுதி வைப்பதுதான் அளவுத்திருத்தம், அதாவது காலிபரேஷன். ஆஃப்செட்டை, அதாவது காட்டும் எண்ணோடு கூட்டும் அல்லது கழிக்கும் திருத்தத்தை, மாற்றுவது அதற்குப் பிறகு வரும் தனி வேலை. கை வைப்பதற்கு முன் இருந்த அளவைக் குறிக்காமல் ஆஃப்செட்டை மாற்றினால், போன மாதம் எடுத்த அளவுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

எவ்வளவு துல்லியம் இருந்தால் போதும்?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறையின் தெர்மோஸ்டாட்டைச் சரிபார்க்க அரை டிகிரி தாராளம். ஆனால் இந்தத் தொழிலில் முக்கியமான எண்கள் பெரும்பாலும் ஒற்றை வெப்பநிலைகள் அல்ல, இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசங்கள். பிழை பெரிதாகத் தெரிவதும் அங்கேதான்.

சில்டு வாட்டர், அதாவது ஏசிக்காகக் குளிரூட்டிய தண்ணீர், 12 டிகிரியில் திரும்பி 7 டிகிரியில் போகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 5. ஒரு ப்ரோப் 0.5 கூட்டியும் மற்றது 0.5 குறைத்தும் காட்டினால் அந்த 5 என்பது 6 ஆகவோ 4 ஆகவோ தெரியும். வெப்ப அளவு, நீரோட்டத்தை வித்தியாசத்தால் பெருக்கி வருவது. ஆக, கணக்கிட்ட திறனில் 20 சதவீதம் தவறு. இரண்டு ப்ரோப்பும் ஒரே திசையில் ஒரே அளவு தவறினால் இந்த வித்தியாசம் கெடாது. தனித்தனியாக நல்ல பெயர் வாங்கிய இரண்டு ப்ரோப்களைவிட, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஜோடிதான் இங்கே பயன்படும்.

சூப்பர்ஹீட்டில், அதாவது குளிர்பதன வாயு அதன் ஆவியாகும் வெப்பநிலையைவிட எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதில், இது இன்னும் ஆபத்து. உண்மையான சூப்பர்ஹீட் 5 டிகிரி. பைப்பைக் கவ்விப் பிடிக்கும் ப்ரோப்பான பைப் கிளாம்ப் 1.5 கூட்டிக் காட்டுகிறது. அழுத்தம் அளக்கும் கேஜ் குறைத்துக் காட்டுவதால் ஆவியாகும் வெப்பநிலை 1 டிகிரி குறைவாகக் கணக்காகிறது. திரையில் 7.5 வரும். அதை 5க்குக் கொண்டுவர குளிர்பதனப் பொருளை உள்ளே விடும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் திறந்தால் உண்மையில் மிஞ்சுவது 2.5. லோடு சற்றுக் குறைந்ததும் திரவம் கம்ப்ரசருக்குத் திரும்ப ஆரம்பிக்கும்.

இரண்டு ப்ரோப் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டின் முனைகளையும் ஒட்டினாற்போல் ரப்பர் பேண்டால் கட்டி, ஒரே பாத்திரத் தண்ணீரில் ஒரே ஆழத்துக்கு இறக்கிக் கலக்குங்கள். தண்ணீர் நீங்கள் அளக்கப்போகும் வெப்பநிலைக்கு அருகில் இருக்க வேண்டும்: சில்டு வாட்டர் வேலைக்கு 7இலும் 12இலும், ஹீட்டிங் வேலைக்கு 40இலும் 60இலும். அறை வெப்பநிலையில் ஒத்துப்போனதை வைத்து 60 டிகிரியில் முடிவு சொல்லக் கூடாது.

வித்தியாசம் வந்தால் ப்ரோப்களைச் சாக்கெட் மாற்றி மாட்டுங்கள். முன்பு அதிகம் காட்டிய ப்ரோப்பே இப்போதும் அதிகம் காட்டினால் குறை ப்ரோப்பில். அதே சாக்கெட்டில்தான் அதிகம் வருகிறது என்றால் குறை மீட்டரில். கண்டுபிடித்ததும் ப்ரோப்பில் வண்ண டேப் சுற்றி, எது எந்தச் சாக்கெட்டுக்கு என்று நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள். பையிலிருந்து கைக்கு வந்ததை மாட்டினால் ஜோடி சேர்த்த வேலை வீண்.

ஐஸ் தண்ணீரை வைத்து 0 டிகிரியைச் சரிபார்க்கலாமா? சரியான முறை என்ன?

களத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் இதைவிட நம்பத்தக்கது கிடையாது. கவனமாகச் செய்தால் பத்தில் ஒரு டிகிரிக்குள் எளிதாக நிற்கும். ஆனால் பெரும்பாலோர் ஐஸ் குளியல் என்று செய்வது, ஐஸ் மிதக்கும் குளிர்ந்த தண்ணீரைத்தான்.

15 செ.மீ.க்குக் குறையாத ஆழமுள்ள அகல வாய் பிளாஸ்க் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் உறைந்த ஐஸ் சிறந்தது. உப்பில்லாத நல்ல குடிநீரில் உறைந்ததும் போதும். கரைந்த உப்பு உறைநிலையைக் கீழே இழுக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தால் ஏறத்தாழ 0.06 டிகிரி இறங்கும்.

ஐஸை 5 மி.மீ. அளவுக்குப் பொடியாக உடைத்து, பிளாஸ்க் வாய் வரை அமுக்கி நிரப்புங்கள். பிறகு, முன்பே குளிரவைத்த தண்ணீரை இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் அடிவரை இறுகி நிற்க வேண்டும். தண்ணீரின் மேல் மிதக்கக் கூடாது. தண்ணீருக்கு அடர்த்தி மிக அதிகம் ஏறத்தாழ 4 டிகிரியில். ஐஸ் மேலே மிதந்தால் அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். ப்ரோப் முனையும் அங்கேதான் போய் நிற்கும். 'ஐஸில் வைத்தேன், 3 காட்டுகிறது' என்ற புகாரில் பாதி இதுதான்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் −18 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். உலர்ந்த துண்டு முனையைத் தொட்டால் அளவு 0க்குக் கீழே போகும். ஐஸ் வெண்மையாக இருக்கும்வரை பொறுங்கள். எல்லாத் துண்டும் நனைந்து கண்ணாடிபோல் தெரியும்போதுதான் குளியல் தயார். பொதுவாகப் பத்து நிமிடம் ஆகும்.

ப்ரோப்பை நடுவில், சுவரிலும் அடியிலும் படாமல் இறக்குங்கள். ஆழம் அதன் விட்டத்தைப்போல் 15 மடங்கும், உள்ளே இருக்கும் சென்சாரின் நீளமும் சேர்ந்தது. 4 மி.மீ. ப்ரோப் என்றால் 6 செ.மீ.யோடு சென்சாரின் நீளத்தையும் கூட்ட வேண்டும். இதற்குக் குறைந்தால் வெளியே நீட்டியிருக்கும் தண்டு வழியாக அறைச் சூடு முனைக்கு இறங்கும். மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்து, ஒரு நிமிடம் முழுக்க எண் மாறாமல் நின்ற பிறகு குறியுங்கள். வெளியே எடுத்து, மறுபடி இறக்கி, மூன்று முறை எடுங்கள். மூன்றும் ஒன்றுபோல் வராவிட்டால் சராசரி எடுக்கத் தேவையில்லை, காரணத்தைத் தேட வேண்டும்.

ஐஸ் குளியலில் 0.8 காட்டுகிறது. உடனே ஆஃப்செட் போட்டுவிடலாமா?

முதலில் குளியலைச் சந்தேகியுங்கள். ப்ரோப்பை இன்னும் 3 செ.மீ. கீழே இறக்குங்கள். எண் குறைந்தால், ஆழம் போதாமல் இருந்தது. ஐஸை மறுபடி அமுக்கி, மிகுந்த தண்ணீரை வடித்துப் பாருங்கள். வேறொரு ப்ரோப்பும் அதே 0.8 காட்டினால் குற்றவாளி குளியல்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். இத்தனைக்குப் பிறகும் நிலையாக 0.8 என்றே நின்றால் ஆஃப்செட் போடலாம். 0.3, 0.9, 0.5 என்று அலைந்தால் எந்த ஆஃப்செட்டும் உதவாது. ஈரம் புகுந்த கேபிளையோ, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒடிந்த கம்பியையோ தேடுங்கள்.

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதானே? அதை இரண்டாவது புள்ளியாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது இரண்டாந்தர ஒப்பீடுதான். கடல் மட்டத்தில், காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும்போதுதான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். 1000 மீட்டரில் 96.7 அளவில் கொதிக்கும். ஒரே ஊரிலேயே வானிலையால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறினால் கொதிநிலை சுமார் 0.28 டிகிரி நகரும். காற்றழுத்த எண்ணை எடுக்கும்போது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண்ணை எடுத்துவிட வேண்டாம்; உங்கள் இடத்தில் உள்ள நேரடி அழுத்தம்தான் வேண்டும். முனை பாத்திரத்தின் அடியில் பட்டால் நெருப்பின் சூட்டைக் காட்டும்.

இன்னொன்று: ஏசி வேலையின் அளவுகள் பெரும்பாலும் −10க்கும் 60க்கும் இடையில் இருக்கின்றன. 100இல் சரிபார்த்தால் அங்கே என்ன நடக்கிறது என்பது நேரடியாகத் தெரியாது. சான்று பெற்ற ஒரு ரெஃபரன்ஸ் தெர்மாமீட்டர் இருந்தால், பிளாஸ்க்கில் 45 டிகிரி வெந்நீர் ஊற்றி இரண்டையும் சேர்த்து இறக்கிப் பார்ப்பதுதான் மேல்.

இரண்டு புள்ளியிலும் வேறு வேறு விலகல் வருகிறது. திருத்தம் எப்படிப் போடுவது?

உதாரணம்: ஐஸில் 0.6 காட்டுகிறது. 99.0 டிகிரி என்று தெரிந்த கொதிநீரில் 98.0 காட்டுகிறது. மீட்டரின் வீச்சு 98.0 − 0.6 = 97.4, உண்மையான வீச்சு 99.0. பெருக்கு எண் 99.0 ÷ 97.4 = 1.0164. இனி எந்த அளவு வந்தாலும் 0.6 கழித்து 1.0164 ஆல் பெருக்க வேண்டும். மீட்டர் 45.0 காட்டினால் 44.4 × 1.0164 = 45.1.

ஐஸ் புள்ளியை மட்டும் வைத்து −0.6 ஆஃப்செட் போட்டிருந்தால் இதே அளவு 44.4 என்று வந்திருக்கும். சரியாக இருந்த இடத்தைக் கெடுத்திருப்போம். ஒரே ஒரு புள்ளியில் ஆஃப்செட் போட்டால் அந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்துக்கு மட்டுமே நம்புங்கள்.

பைப் கிளாம்ப்பைத் தண்ணீரில் முக்க முடியாது. அதை எப்படிச் சோதிப்பது?

ஒரு முனையை மூடிப் பிரேஸிங் செய்த 20 செ.மீ. செம்புக் குழாய் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 22 மி.மீ. இருந்தால் வசதி. அதில் ஐஸ் பொடியும் தண்ணீரும் நிரப்பி, வெளியே துடைத்து, கிளாம்ப்பைக் கவ்வவிட்டு, கிளாம்ப்போடு சேர்த்துக் குழாய் முழுவதும் இன்சுலேஷன் சுற்றுங்கள். உள்ளே மெல்லிய ப்ரோப் ஒன்றை இறக்கி, அதையும் கூடவே பாருங்கள். பிறகு வெந்நீரில் அதையே செய்யுங்கள்.

ஐஸில் சற்று அதிகமும் வெந்நீரில் சற்றுக் குறைவும் காட்டினால் அது சென்சார் பிழை அல்ல. கிளாம்ப்பின் உடல் வழியாக அறை வெப்பநிலை கலக்கிறது என்று பொருள். வெந்நீரும் அறையும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அந்த அளவுக்கு இந்தப் பிழையும் வளரும்; எனவே ஆஃப்செட் போட்டு அடக்க முடியாது. கவ்வும் முகத்தைத் துடையுங்கள், ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை இடத்தில் பைப்பின் பெயின்ட்டையும் பச்சைக் களிம்பையும் தேய்த்து எடுத்துவிட்டு, கவ்விய பிறகு மேலே இன்சுலேஷன் துண்டு சுற்றுங்கள்.

தெர்மோகப்பிள் மீட்டரை ப்ரோப் இல்லாமல் சோதிக்க முடியுமா?

உள்ளீட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் இணையுங்கள். மீட்டர் தன் சாக்கெட்டின் வெப்பநிலையைக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு நல்ல தெர்மாமீட்டரை வைத்து இரண்டையும் அரைமணி நேரம் விட்டு ஒப்பிடுங்கள். விலகினால் மீட்டருக்குள் இருக்கும் கோல்டு ஜங்ஷன் ஈடுசெய்தலில், அதாவது சாக்கெட்டின் வெப்பநிலையைக் கணக்கில் சேர்ப்பதில், பிழை. குளிரூட்டிய வண்டியிலிருந்து மீட்டரை எடுத்துச் சூடான மாடிக்குக் கொண்டுபோனதும் அளவு இழுத்துக்கொண்டு நகர்வதும் இதனால்தான். உடல் சூடேறி நிலைக்கும்வரை எடுக்கும் எண்களைக் குறிக்காதீர்கள்.

நீட்டிப்புக் கம்பியில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டுவது. அப்படிச் செய்தால் அளவீடு இணைப்பு இடத்தின் வெப்பநிலையைச் சார்ந்துவிடும். இரண்டாவது, நிறம். அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர், சிவப்பு எதிர். சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். சிவப்பைப் பார்த்ததும் நேர் என்று எடுக்கும் மின்சாரப் பழக்கம் இங்கே காலை வாரும். ஒரு முனையில் மட்டும் மாறினால், சூடாக்கும்போது எண் இறங்கும், உடனே பிடிபடும். நீட்டிப்பின் இரு முனையிலும் மாறிவிட்டால் எண் சரியான திசையிலேயே போகும். ஆனால் இணைப்புப் பெட்டிக்கும் மீட்டருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப்போல் இரண்டு மடங்கு பிழை வரும். பெட்டி 45, மீட்டர் 25 என்றால் சுமார் 40 டிகிரி குறைவாகக் காட்டும்.

கன்ட்ரோலரில் 25 டிகிரி சரியாகக் காட்டுகிறது. குளிரிலும் சூட்டிலும் மட்டும் தவறுகிறது. ஏன்?

சென்சார் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டராக (வெப்பநிலையோடு மின்தடை மாறும் வகை) இருந்தால் வளைவு எண்ணை, அதாவது மின்தடை எப்படி மாறும் என்று சொல்லும் வகை எண்ணை, பாருங்கள். டைப் 2, டைப் 3 இரண்டும் 25 டிகிரியில் அதே 10 கிலோ ஓம்தான். 0 டிகிரியில் டைப் 2 சுமார் 32.65 கிலோ ஓம், டைப் 3 சுமார் 29.49. டைப் 2 சென்சாரை மாட்டி கன்ட்ரோலரில் டைப் 3 என்று வைத்தால் ஐஸில் −2க்குப் பக்கத்திலும், 50 டிகிரியில் 52க்குப் பக்கத்திலும் காட்டும். ஆஃப்செட் போடாமல் அமைப்பை மாற்றுங்கள். சென்சாரைக் கழற்றி ஐஸில் வைத்து ஓம் அளந்தால் எந்த வகை என்று நிமிடத்தில் தெரியும்.

பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து அளக்கும் பிடி100 சென்சாரில் கதை வேறு. அது 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், டிகிரிக்கு 0.385 ஓம்தான். இரண்டு கம்பி இணைப்பில் கம்பியே 1 ஓம் சேர்த்தால் 2.6 டிகிரி அதிகம் காட்டும். நீளமான ஓட்டத்துக்கு மூன்று கம்பி இணைப்போ, பிடி1000 சென்சாரோதான் வழி. பிடி1000இல் அதே 1 ஓம் கால் டிகிரிதான்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நம்பலாமா?

மங்கலான பரப்புகளுக்கு நம்பலாம். பளபளக்கும் செம்புக் குழாய்க்கு நம்பவே கூடாது. அது கண்ணாடிபோல் சுற்றுப்புறத்தின் கதிரைத்தான் திருப்பி அனுப்பும். கறுப்பு மின்டேப் ஒட்டி, எமிசிவிட்டி (பரப்பு கதிரை வெளிவிடும் திறன்) 0.95 வைத்து அந்த டேப்பைக் குறிவையுங்கள். தூரத்துக்கும் பார்க்கும் வட்டத்துக்கும் 12:1 விகிதமுள்ள கருவி 60 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும், லேசர் புள்ளி அந்த வட்டத்தின் அளவைக் காட்டாது. சோதிக்க, அகல வாய்ப் பாத்திரத்தில் ஐஸ் பொடிக் கூழைக் கலக்கி உடனே நேர் மேலிருந்து பாருங்கள். 0இலிருந்து ஒரு டிகிரிக்குள் வந்தால் போதும். லென்ஸில் பனி படியவிடாதீர்கள்.

ஈரப்பத மீட்டரையும் இதோடு சோதிக்க முடியுமா?

முடியும். சாதாரண உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுக்கக் கரையக் கூடாது. சிறு மூடியில் அதை வைத்து, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சென்சாரோடு மூடுங்கள். உப்பு சென்சாரைத் தொடக் கூடாது. 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் 75.3 சதவீதத்தில் நிற்கும். மெக்னீசியம் குளோரைடு வைத்தால் 32.8. ஓர் இரவு விடுங்கள். அந்த நேரம் முழுக்க அறை வெப்பநிலை மாறாமல் இருப்பது முக்கியம்: உப்புக்கும் சென்சாருக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே 75 என்பது நாலைந்து சதவீதம் நகரும்.

இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றிய ஈரக்குமிழ் வகையில் திரியை அவிழ்த்துவிட்டு இரண்டு குமிழையும் உலர்வாக ஒரே காற்றில் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் காட்ட வேண்டும். திரி அழுக்கானாலும் காற்றோட்டம் குறைந்தாலும் ஈரக்குமிழ் அதிகமாகக் காட்டும், ஒருபோதும் குறைவாக அல்ல.

வெப்பநிலை சரி, ஆனால் கேஜ் சரியா?

குழாய்களைக் கழற்றினால் கேஜ் 0இல் நிற்க வேண்டும். அது முதல் சோதனை. அடுத்து, பாதியளவாவது திரவமுள்ள, கலப்பில்லாத ஒற்றைக் குளிர்பதனப் பொருளின் சிலிண்டரை ஒரே வெப்பநிலையுள்ள அறையில் ஒரு நாள் வைத்து, அதன் உடலில் ப்ரோப்பை ஒட்டி இன்சுலேஷன் போட்டு அளங்கள். 25 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 82 பி.எஸ்.ஐ., ஆர்-22 சுமார் 137 பி.எஸ்.ஐ. கேஜ் அழுத்தம் காட்ட வேண்டும். மீட்டெடுத்து நிரப்பிய சிலிண்டர் இதற்கு ஆகாது. உள்ளே காற்று இருந்தால் அழுத்தம் ஏறித் தெரியும். நல்ல கேஜ் மேல் பழி விழும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஆய்வகத்துக்கு அனுப்பும்போது என்ன கேட்க வேண்டும்?

ஐஸ் சோதனை மாதம் ஒருமுறை. கீழே விழுந்தால், கேபிள் இழுபட்டால், ப்ரோப்பை அதன் எல்லைக்கு மேல் சூடாக்கிவிட்டால் அன்றே. ஆய்வகச் சோதனை ஆண்டுக்கு ஒன்று பொதுவான வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுப் பதிவுகளில் விலகல் அசையவே இல்லை என்றால் இடைவெளியை நீட்டலாம், நகர்ந்துகொண்டே இருந்தால் குறைக்க வேண்டும்.

அனுப்பும்போது மீட்டரோடு ப்ரோப்களையும் சேர்த்து, எந்தச் சாக்கெட்டுக்கு எது என்ற குறிப்புடன் அனுப்புங்கள். உங்களுக்கு வேண்டிய புள்ளிகளை நீங்களே சொல்லுங்கள்: 0, 7, 25, 50 என்பதுபோல். சொல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியான 0, 100, 200இல் எடுத்துக் கொடுப்பார்கள். சரிசெய்வதற்கு முன் இருந்த அளவும் பின் வந்த அளவும் தனித்தனியாக வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஆய்வகம் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் வெப்பநிலை அளவீட்டுக்கும் உங்கள் வரம்புக்கும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். எடைக்கல்லுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற இடமும் அதே முத்திரையைக் காட்டும். சான்றிதழில் ஒவ்வொரு புள்ளிக்கும் அளவீட்டின் ஐயப்பாட்டு எண், அதாவது அந்த அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற எல்லை, இருக்கும். உங்களுக்கு ±0.4 வேண்டுமென்றால் அந்த எண் 0.1க்குள் இருப்பது நல்லது.